பைபிள் பாடம் முடித்தால் தண்டனை நாள் குறையுமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய தம்பி கொலை முயற்சி வழக்கில் ஏழு வருடத் தண்டனை பெற்று விய்யூர் மத்தியச் சிறையில் இருக்கிறார். விசாரணைக் காலத்திலேயே ஒன்பது மாதம் உள்ளே இருந்தவர். தபால் வழியில் பைபிள் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கினால் ஒரு வருடம் குறையும் என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். "மேலே பேசி" ஏற்பாடு செய்து தர 15,000 ரூபாய் கேட்கிறார். துபாயில் டிரைவராக இருக்கும் கணவரோ, அங்கே குர்ஆனை மனப்பாடம் செய்த கைதிக்குத் தண்டனையைக் குறைக்கிறார்கள், இங்கேயும் ஏதாவது இருக்கும் என்கிறார். "நாங்கள் இந்துக்கள். தம்பி சேரலாமா? பணம் கொடுக்கலாமா?"

பணம் கொடுக்காதீர்கள், அம்மணி. விளக்கம் பிறகு வரும். அந்த 15,000 ரூபாய்க்கு வேறு நல்ல செலவு ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாலக்காட்டுச் சித்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் குற்றவியல் வழக்குகள் நடத்தியவன் நான். (ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைத்து எனக்கு வந்த தபாலில் பாதி திருப்பதிப் பக்கம் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறது.) உங்கள் தம்பியைப் போன்றவர்களின் அம்மாக்களும் அக்காக்களும் மடியில் ஒரு ரெக்சின் பையோடு என் திண்ணையில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேரளத்தில் 2010-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமும் அதன் கீழ் 2014-இல் வந்த விதிகளும்தான் நடப்பில் உள்ளன. மதப் பாடம் முடித்தவருக்கு இத்தனை நாள் கழிவு என்று அவற்றில் ஒரு வரி கூடக் கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னால், அந்த விதியின் எண்ணைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்படியானால் எதற்குத்தான் நாள் குறைகிறது? சிறைக்குள் இதை 'ரெமிஷன்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தமிழில் தண்டனைக் கழிவு. ஒழுங்காக நடந்துகொண்டதற்கும் கொடுத்த வேலையைச் செய்ததற்கும் மாதத்துக்குச் சில நாட்கள் சேரும். இது சாதாரணக் கழிவு. அதற்கு மேல் சிறப்புக் கழிவு உண்டு: தப்பிக்கத் திட்டமிட்டவர்களைத் தடுத்தது, தாக்கப்பட்ட அலுவலரைக் காப்பாற்றியது, கல்வியிலோ கலையிலோ குறிப்பிடத்தக்கதாக ஏதாவது செய்தது, சக கைதிகளுக்குக் கற்றுக்கொடுத்தது போன்றவற்றுக்கு. மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்வதும் ஏறக்குறைய இதையே. மூன்றாவது வகை, குடியரசு நாள், சுதந்திர நாள் என்று அரசே அறிவிக்கும் கழிவு. காந்தியின் 150-ஆவது பிறந்த ஆண்டுக்கும் சுதந்திரத்தின் 75-ஆவது ஆண்டுக்கும் கட்டம் கட்டமாக விடுதலைகள் நடந்தன. அவற்றில் விலக்கப்பட்ட குற்றங்களின் பட்டியலும் நீளமாகவே இருந்தது.

இந்த வரவு செலவெல்லாம் ஏறுவது 'ஹிஸ்டரி டிக்கெட்' என்ற ஓர் அட்டையில். கைதி உள்ளே நுழைந்த நாள், வழக்கு எண், தண்டனை, வேலை, நோய், பரோல், சேர்ந்த கழிவு, வாங்கிய தண்டனை எல்லாம் அதில் இருக்கும். சேர்ந்த நாட்களைப் பறிக்கவும் சிறை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. பிளாக்கில் கைபேசி சிக்கியதற்காக மாதக்கணக்கில் சேர்த்த கழிவை ஒரே நாளில் இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தினமும் இரண்டு வேளை ஜெபம் செய்கிறவர். ஜெபம் அந்த அட்டையில் ஏறவில்லை. கைபேசி ஏறியது.

இனி உங்கள் கணவர் சொன்னது. துபாய் விஷயத்தில் அவர் சொல்வது சரி. அங்கே ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்தத் திட்டம் இருக்கிறது. குர்ஆன் 30 பாகங்கள் கொண்டது. முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்துத் தேறினால் 20 ஆண்டு கழிவு, 20 பாகங்களுக்கு 15 ஆண்டு, 15 பாகங்களுக்கு 10 ஆண்டு, 10 பாகங்களுக்கு 5 ஆண்டு, 5 பாகங்களுக்கு ஓர் ஆண்டு, 3 பாகங்களுக்கு ஆறு மாதம். பாகிஸ்தான் சிறை விதிகளிலும் குர்ஆன் படிப்புக்குக் கழிவு உண்டு. அங்கே இருக்கும் கிறிஸ்தவக் கைதி என்ன செய்வார்? எங்கள் வேதத்தைப் படித்தால் எங்களுக்கும் அதே கழிவு வேண்டும் என்று லாகூர் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. கடவுளின் பெயரால் நாள் கொடுக்கத் தொடங்கினால், யாருடைய கடவுளுக்கு எத்தனை நாள் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். கடவுளே இல்லை என்கிற கைதிக்கு எத்தனை நாள்? நம்மூர்ச் சிறையில் இந்தக் கேள்வி எழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேசில் வேறு வழியில் போனது. மூன்று நாள் வேலைக்கு ஒரு நாள், 12 மணி நேரப் படிப்புக்கு ஒரு நாள் என்று அங்கே கணக்கு. ஒரு புத்தகத்தைப் படித்துச் சொந்தமாக எழுதிக் காட்டினால் நான்கு நாள், வருடத்துக்கு 12 புத்தகம் வரை. எந்த மதம் என்று கேட்பதில்லை.

அமெரிக்கக் கதைதான் நமக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். ஐயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரின் சிறையில் 1999-இல் ஒரு கிறிஸ்தவ அமைப்பு முழு நேர மறுவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சேர்ந்தவர்களுக்கு நேரடியாக நாள் குறைப்பு இல்லை. ஆனால் அவர்கள் தங்கிய பகுதியில் அறைகளுக்கு மரக்கதவு, கதவுக்குச் சாவி அவர்கள் கையிலேயே, கழிப்பறையில் மறைவு. முன்விடுதலைக்குத் தேவையான வகுப்புகளும் அங்கே எளிதாகக் கிடைத்தன. செலவில் ஒரு பங்கு அரசுப் பணம். வழக்கு வந்தது. 2006-இல் மாவட்ட நீதிமன்றமும், 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இது அரசு மதத்தைத் தாங்கிப் பிடிப்பதாகும், அரசமைப்புக்கு முரண் என்றன. சிறையில் இருந்தவனுக்குத்தான் தெரியும், கழிப்பறை மறைவு என்பது எவ்வளவு பெரிய லஞ்சம் என்று.

இதே திட்டம் டெக்சாஸிலும் நடந்தது. 2003-இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. முடித்து வெளியே வந்தவர்களில் மீண்டும் கைதானவர்கள் 17 சதவீதம், திட்டத்தில் சேராத ஒத்த கைதிகளில் 35 சதவீதம். பாதிக்குப் பாதி! செய்தி வெளியானதும் பெரிய கொண்டாட்டம். ஆனால் அதே ஆய்வின் உள்ளே போனால் வேறு கதை. தொடங்கியவர்கள் 177 பேர். முடித்தவர்கள் 75 பேர்தான். இடையில் நின்றவர்களையும் சேர்த்து எண்ணினால் மீண்டும் கைதானவர்கள் 36 சதவீதம், அதாவது சேராதவர்களைவிட ஒரு மயிரிழை அதிகம். இன்னொன்றும் உண்டு. வெளியே வந்து வேலையில் சேர்ந்து நிலைத்தவரைத்தான் "முடித்தவர்" என்றே கணக்கில் வைத்தார்கள். நம்மூர் டுட்டோரியல்காரர்கள் ஃபெயிலானவர்களை "எங்கள் மாணவர்களே இல்லை" என்று கழற்றிவிட்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுவதில்லையா? அதே வித்தை. பாடம் பயனற்றது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முடிக்கிற உறுதி உள்ளவன் எந்தப் பாடத்தையும் முடிப்பான், வெளியிலும் நின்றுவிடுவான். அந்த உறுதியைப் பாடம் கொடுத்ததா, பாடத்துக்கு முன்பே இருந்ததா என்பதைச் சான்றிதழைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2018-இல் வந்த அமெரிக்க நடுவண் சட்டம் ஒன்றில், அங்கீகரித்த பயிற்சியில் 30 நாள் ஈடுபட்டால் 10 நாள், ஆபத்துக் குறைந்தவர் என்றால் 15 நாள் வரவு. அதைக்கொண்டு வீட்டுக்காவலுக்கோ கண்காணிப்பு விடுதலைக்கோ முன்கூட்டியே போகலாம். பயிற்சிப் பட்டியலில் மதம் சார்ந்தவையும் உண்டு, சாராதவையும் உண்டு. தமிழில் உலவும் "பைபிள் படித்தால் ஜெயில் இல்லை" என்ற செய்திகளுக்கு இப்படிப்பட்ட ஏதோ ஒன்றுதான் மூலமாக இருக்கும் என்பது என் ஊகம்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை எழுதி வைத்தவர் நம் பாலக்காட்டுக்காரரே. வி.ஆர். கிருஷ்ணய்யர், 1914-இல் வைத்தியநாதபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தலசேரியில் வக்கீல். 1948-இல் கண்ணூர்ச் சிறையில் தாமே அடைபட்டுப் பார்த்தவர். 1957-இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சிறைத்துறையும் அவர் கையில்தான் இருந்தது. பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி. சிறை என்பது மனிதனைத் திருத்தும் இடமாக வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம். 1977-இல் ஹீராலால் மல்லிக் வழக்கின் தீர்ப்பிலேயே ஆழ்நிலைத் தியானம் கைதிகளுக்கு உதவும் என்று விரிவாக எழுதினார். தீர்ப்பில் இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளித்த வக்கீல்கள் உண்டு. பின்னாளில், 1994-இல், கிரண் பேடி பொறுப்பில் இருந்தபோது திகாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் சேர்ந்து பத்து நாள் விபாசனா தியானம் செய்தார்கள்.

இப்படித் தியானத்தில் நம்பிக்கை வைத்திருந்த கிருஷ்ணய்யர்தான் 1980-இல் மாரு ராம் வழக்கின் தீர்ப்பையும் எழுதினார். ஆயுள் கைதிகளில் ஒரு சாரார் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் என்ற பிரிவைச் செல்லும் என்று சொன்ன தீர்ப்பு அது. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது, மதம், சாதி, நிறம், அரசியல் விசுவாசம் ஆகியவை அதில் நுழையவே கூடாது, நுழைந்தால் அது பாகுபாடு என்று அவர் சொல்லிவிட்டார். 2006-இல் ஆந்திரத்து வழக்கு ஒன்றில், எபுரு சுதாகர் வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் இதே வார்த்தைகளை எடுத்தாண்டு ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பை ரத்து செய்தது. அந்தக் கோப்பில் கைதி 'நல்ல காங்கிரஸ் தொண்டர்' என்று ஓர் அதிகாரி எழுதி வைத்திருந்தார். 'நல்ல கிறிஸ்தவர்', 'நல்ல ஐயப்ப பக்தர்' என்று எழுதினாலும் கதி அதுதான். கிருஷ்ணய்யர் தியானத்தை மருந்தாகப் பார்த்தார், செலாவணியாகப் பார்க்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். மருந்து சாப்பிட்டதற்குச் சம்பளம் கொடுத்தால் நோயில்லாதவனும் வரிசையில் நிற்பான்.

எல்லைப் பகுதியில் இருக்கிற நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் தம்பிக்குத் தண்டனை கொடுத்தது எந்த ஊர் நீதிமன்றம் என்று நீங்கள் எழுதவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கத்தியை எடுத்தால் பாலக்காடு, அந்தப் பக்கம் எடுத்தால் கோவை. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த அரசுக்குத்தான். கைதி எந்தச் சிறையில் இருக்கிறார், எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் வராது. பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8 அன்று பதினொரு பேரின் விடுதலை ரத்தானதற்கு இதுதான் முதல் காரணம்: குஜராத் விடுவித்தது, தண்டனை கொடுத்ததோ மும்பை நீதிமன்றம். கோவையில் தண்டனை பெற்று, குடும்பம் பார்க்க வசதி என்று விய்யூருக்கு மாற்றல் வாங்கியவருக்குத் திருவனந்தபுரத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சென்னைக்குப் போக வேண்டிய மனு அது. அங்கே விதிகளும் வேறு, வழக்கமும் வேறு. அண்ணா நூற்றாண்டுக்கு 2008-இல் 1,400-க்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் விட்டார்கள். தலைவர் பிறந்தநாளைக் கணக்கிட்டுத் தண்டனையை எண்ணும் கைதியிடம் பைபிள் பாடத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்.

ரெக்சின் பை என்றேனே, அதில் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடகரப்பதிப் பக்கத்து அம்மா ஒருவர். மகன் ஆயுள் கைதி, 14 வருடம் முடித்தவன். பையில் பதினொரு பைபிள் பாடச் சான்றிதழ்கள், எல்லாம் லேமினேட் செய்தவை, கூடவே ஒரு யோகா சான்றிதழ். விடுதலைக் குழுவுக்கு அறிக்கை தர நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்தபோது அந்த அம்மா பையைத் திறந்து திண்ணையில் பரப்பிவிட்டார். அலுவலர் மரியாதைக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு கேட்டவை வேறு. வந்தால் எங்கே படுப்பான்? தென்னந்தோப்பில் வேலை கொடுக்க யாராவது இருக்கிறார்களா? செத்தவரின் குடும்பம் எங்கே இருக்கிறது? அது அதே தெருவில், நான்கு வீடு தள்ளி. டீக்கடையில் செத்தவரின் அண்ணனையே பார்த்துக் கேட்டார். "வரட்டும் சார், இந்தத் தெருவில் மட்டும் வேண்டாம்" என்றார் அவர். அறிக்கை பாதகமாகப் போனது. அந்த அம்மா மேனோன்பாறையில் ஒரு வாடகை வீடு பிடித்தார். அடுத்த முறை அறிக்கை மாறியது, அவன் வந்தான். உச்ச நீதிமன்றம் 2000-இல் லட்சுமண் நாஸ்கர் வழக்கில் வகுத்த அளவுகோல்களும் இப்படித்தான் இருக்கும்: குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, மீண்டும் செய்வானா, செய்யும் திறன் போய்விட்டதா, உள்ளேயே வைத்திருப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன.

ஆனால் அந்தப் பதினொரு சான்றிதழ்களும் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பாடப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பி நிரப்பித்தான் எழுத்து திரும்ப வந்தது. அவன் கைப்பட எழுதிய முதல் கடிதத்தை, தமக்குப் படிக்கத் தெரியாது என்று என்னிடம் கொண்டுவந்தார் அந்த அம்மா. கோணல் மாணலான எழுத்து. கடவுளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. செவலை மாடு கன்று போட்டதா, கிணற்றுமேட்டில் வைத்த தென்னம்பிள்ளை பிழைத்ததா என்று கேட்டிருந்தான். அந்த அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னார்.

எனவே தம்பிக்கு விருப்பமிருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். அந்தப் பாடங்கள் பெரும்பாலும் இலவசமாகவே வருகின்றன, தரகர் தேவையில்லை. விருப்பமில்லை என்றால் யாரும் வற்புறுத்த முடியாது, அதனால் தண்டனையில் ஒரு நாள்கூடக் கூடிவிடாது. கழிவு சேர வேண்டும் என்றால் எழுத்தறிவு இயக்கத்தின் சமநிலைத் தேர்வுகளை (பள்ளி வகுப்புகளுக்கு இணையானவை) எழுதச் சொல்லுங்கள். எல்லைக்காரன், தமிழும் மலையாளமும் தெரிந்தவன். விய்யூரில் மலையாளம் தெரியாத தமிழ்க் கைதிகள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க முன்வந்தால் வெல்ஃபேர் ஆபீசர் அதைப் பதிவு செய்வார். இது சிறப்புக் கழிவு கேட்க உருப்படியான அடிப்படை, நிச்சயமான வாக்குறுதி அல்ல.

அந்த ஒன்பது மாதத்தை விசாரியுங்கள். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழிய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தில் 468. பெரும்பாலும் தானாகக் கழித்துவிடுவார்கள், ஆனால் நடுவே ஜாமீனில் வந்து திரும்பப் போனவர்களின் கணக்கில் பிழை விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 15,000 ரூபாய். தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கொலை முயற்சி வழக்கில் சிறையோடு அபராதமும் விதித்திருப்பார்கள். கட்டத் தவறினால் இத்தனை மாதம் கூடுதல் சிறை என்றும் அதற்கடுத்த வரியில் இருக்கும். ஏழு வருடம் முடிந்த பிறகும் அந்த மாதங்களை உள்ளே கழிக்க வேண்டியிருக்கும். அபராதத்தைக் கட்டினால் அந்தக் கூடுதல் சிறை இல்லாமல் போகும். ஒரு பங்கு மட்டும் கட்டினால் அந்த விகிதத்துக்குக் குறையும். பழைய தண்டனைச் சட்டத்தின் 68, 69 பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. நீங்கள் காசு கொடுத்து, சட்டப்படி, ரசீதோடு நாள் குறைக்கக்கூடிய ஒரே இடம் இதுதான். பல தீர்ப்புகளில் அந்தத் தொகை வெட்டுப்பட்டவருக்கு நஷ்டஈடாகவும் போகிறது. நாளை ஊருக்கு விசாரிக்க வரும் அலுவலர் டீக்கடையில் அவரையும் பார்ப்பார் என்பதை நினைவில் வையுங்கள். தண்டனை கொடுத்த நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டி, அடுத்த முறை மனுப் பார்க்க, அதாவது தம்பியைச் சந்திக்க, போகும்போது ரசீதின் நகலைச் சிறை அலுவலகத்தில் கொடுத்து, ஹிஸ்டரி டிக்கெட்டில் ஏற்றிவிட்டார்களா என்று தம்பியிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள்.